இரண்டு வெளிச்சம்

கடைக்குள் நுழைகிற மனிதர்கள் இரண்டே ரகம். ஒரு ரகம் வாசலிலேயே நின்று, "ஒண்ணேகால் இஞ்சு வளையம், பித்தளையில, ரெண்டு" என்று சொல்லிவிட்டுத் தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இன்னொரு ரகம் உள்ளே வந்து அதை எடுக்கும், இதைத் தடவும், எடுத்ததை வைக்கும், வைத்ததையே மறுபடி எடுக்கும், "இதேமாதிரிதான், ஆனா இது இல்லைங்க" என்று இழுக்கும். முதல் ரகத்திடம் கடைக்காரருக்கு மரியாதை. இரண்டாவது ரகத்தின் மேல் பாசம். அந்தப் பாசம் அவர் சொல்கிற விலையில் தெரியும்.

மயிலாத்தாள் முதல் ரகம். அப்பன் வீட்டிலும் அம்மா வீட்டிலும் பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்காத ஆள் கிடையாது. வேண்டிய பொருளின் மேல் கண்ணை வைக்கக் கூடாது என்பது அவளுக்கு நடை பழகும்போதே பழகிய பாடம். அவளைக் கட்டிக்கொண்ட சென்னியப்பன் சுத்தமான இரண்டாவது ரகம். பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். எந்தப் பொருளின் பெயரும் சமயத்துக்கு அவன் வாயில் வராது. பார்த்தால் மட்டும் குப்பைமேட்டுக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடுவான். துணிக்கடையில் அவன் ஒரு சேலையை இரண்டாவது முறை தடவினால், மயில் அந்தக் கடையை விட்டே வெளியே வந்துவிடுவாள். அதற்குமேல் அங்கே பேரம் பேசுவது வாய்க்கு நஷ்டம்.

சென்னியப்பனின் உடம்புக்குள் ஒரு செயற்கைச் சிறுநீரகம் இருந்தது. இரண்டாயிரத்து அறுபதுகளில் அது மூக்குக்கண்ணாடி மாதிரி. தெருவுக்கு நாலு பேர் வைத்திருந்தார்கள். இரத்தத்தை வடிகட்ட அதற்குள்ளே நகத்தளவு வில்லை ஒன்று உண்டு. அது அடைத்துக்கொள்வதற்குள் எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். போடாவிட்டால் முதலில் கால் வீங்கும், பிறகு முகம் வீங்கும், பிறகு சொந்தபந்தங்கள் மாலையோடு வந்துவிடுவார்கள். மருத்துவர்கள் அந்த வில்லைக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஊர் அதைச் சல்லடை என்றது. கடைசியில் கம்பெனிகளே பெட்டியின் மேல் அப்படித்தான் அச்சடித்தன.

சல்லடை வேண்டுமானால் 'கண்டேன்' என்ற இணையத் தேடுபலகையில்தான் தேட வேண்டும். தயாரிப்பாளர்கள் அத்தனை பேரும் அங்கேதான் கடை விரித்திருந்தார்கள். அந்தக் கண்டேன் கம்பெனியின் கோவை ஆபீசில் தேடுபலகையை வடிவமைக்கிறவள் மயில். ஆகவே பார்சலைப் பிரித்ததும் அவளுக்கு வந்தது கோபம் மட்டுமல்ல, வெட்கமும்கூட.

"மாமா, இதென்னங்க?"

"சல்லடை."

"சல்லடைதானுங்க. மாவு சலிக்கிற சல்லடை."

சென்னியப்பன் வாங்கிப் பார்த்தான். வட்டமாக, எவர்சில்வர் விளிம்போடு, நல்ல வேலைப்பாடாகவே இருந்தது. "உள்ள வெக்கறதுக்குக் கொஞ்சம் பெருசுதான்" என்றான்.

"சிரிக்காதீங்க. காலப் பாருங்க, இப்பவே மினுமினுன்னு இருக்குது. நீங்க எதத் தொட்டீங்க, சொல்லுங்க."

"'சல்ல'ன்னு அடிச்சனா, கீழ வரிசையாக் கொட்டுச்சு. மேல் வரி வெளிச்சமா இருந்துது. நம்முளது மூணாவது வரி. படத்தப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. மவுச அங்க கொண்டுபோனேன். அதுவும் வெளிச்சமாச்சு. சரின்னு என்ட்டரத் தட்டுனேன்."

"மேல் வரி வெளிச்சம் அணைஞ்சுதுங்களா?"

"எங்க அணைஞ்சுது? ஒரே பட்டியல்ல ரெண்டு வெளிச்சம் போட்டு வெச்சா, மனுசன் எத நம்பறதுங்கறேன்? மேல இருக்கறது கீபோர்டோட வெளிச்சமாம், கீழ இருக்கறது மவுசோட வெளிச்சமாம், என்ட்டரு கீபோர்டு பேச்சத்தான் கேக்குமாம். இதெல்லாம் எனக்கு ஆரு சொன்னா? உங்காபீசுல எவன் பண்ணுன வேலை அது?"

எதிரே நின்ற உங்காபீஸ், மாவுச் சல்லடையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடியது.

கீபோர்டையும் மவுசையும் ஊர் ஒருமுறை தலைமுழுகிவிட்டுத்தான் மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தது. இடையில் எல்லாரும் இயந்திரத்தோடு வாயால் பேசினார்கள். கண்ணால் பார்த்தே வேலை வாங்கினார்கள். அது சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் சண்டை போட்டால், கூடத்துத் திரையில் விவாகரத்து வக்கீலின் முகவரி வந்து நின்றது. ஊர் கொதித்துப்போய், வீட்டுக்குள் எந்த இயந்திரமும் காதையோ கண்ணையோ திறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பழையபடி கைதான் மிச்சம்.

மயில் மறுநாளே வேலையில் இறங்கினாள். இரண்டு வெளிச்சம் என்பது ஆபீசில் பழைய புகார். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் சரிசெய்வார். பலகை ஊருக்குப் போய்ச் சேரும்போது எப்படியோ இரண்டு வெளிச்சமும் திரும்ப முளைத்திருக்கும். இந்த முறை அவள் அடியிலிருந்து பிரித்துக் கட்டினாள். பட்டியலில் ஒரே வெளிச்சம். அம்புக்குறியைத் தட்டினாலும் அதுதான் நகரும். மவுசை அசைத்தாலும் அதுதான் நகரும். கடைசியாக எந்தக் கை அசைந்ததோ அந்தக் கைக்கு அது கட்டுப்பட்டது. மவுஸ் சும்மா கிடந்தால் அது கை இல்லை. அதன் அடியில் பட்டியல் விரிந்தாலும் வெளிச்சம் அங்கே தாவாது. என்ட்டரும் கிளிக்கும் ஒரே வாசல். கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே தேடி முடிக்கலாம், கீபோர்டைத் தொடாமலும் முடிக்கலாம், பாதி வழியில் வண்டி மாறினாலும் போய்ச் சேருவது அதே ஊர்.

பொள்ளாச்சிப் பக்கத்துக்கு மட்டும் முதலில் விட்டுப் பார்த்தாள். வாழ்த்தி எழுதினார்கள். ஒரு பெரியம்மா, "இப்பத்தான் இது நாம சொல்றதக் காது குடுத்துக் கேக்குது" என்று எழுதியிருந்தார். மயில் அதை ஆறேழு தடவை படித்தாள்.

மூன்றாம் நாள் தாமோதரன் கூப்பிட்டார். கண்டேன் கம்பெனியின் கோவைத் தலைவர். தேங்காய் வியாபாரத்தில் தொடங்கித் தேடுபொறிக்கு வந்தவர். எதைப் பார்த்தாலும் ஒருமுறை தட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிற ஆள்.

"நல்லா இருக்குது மயில். எடுத்துடுங்க."

"சார்?"

"பழையபடி ரெண்டு வெளிச்சம் இருக்கட்டும்."

"எதுக்குங்க சார்? சனங்க தப்பான பொருள வாங்கறாங்க."

"பழக்கமாயிருச்சுல்ல. பழக்கத்த மாத்தக் கூடாது."

மயில் வெளியே வந்தாள். ஒரு வியாபாரி ஒரு விஷயத்துக்கு நாலு காரணம் சொன்னால் அதில் ஒன்றாவது நிஜமாக இருக்கும். ஒரே காரணம் சொன்னால் நிஜக் காரணம் நிச்சயமாக வேறு.

கேன்டீனில் ஜன்னத்தைப் பிடித்தாள். விலை சொல்கிற இயந்திரத்தைக் கட்டி மேய்க்கிறவள் அவள். பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே ஜன்னத் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"நீ ஒத்த வெளிச்சம் வெச்ச நாள்ல இருந்து பொள்ளாச்சி வசூல் படுத்துருச்சு மயிலு. எங்க இயந்திரம் கண்ணக் கட்டி விட்டாப்புல முழிக்குது."

"என்ற வெளிச்சத்துக்கும் உன்ற விலைக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஏக்கமானி."

"என்னது?"

"வெப்பத்த அளந்தா வெப்பமானி. ஏக்கத்த அளந்தா ஏக்கமானி. நாங்க வெச்ச பேருதான். சட்டம் காத மூடச் சொல்லுச்சு, கண்ண மூடச் சொல்லுச்சு. கைய மறந்துட்டாங்க. மவுச எங்க வெச்சுத் தயங்கறாங்க, எதுல இருந்து போயிட்டு எதுக்குத் திரும்பி வர்றாங்க, கை நடுங்குதா, வெலையப் பாத்ததும் பின்னால இழுக்குதா, எல்லாம் அளக்குது. எவ்வளவு ஏங்கறாங்களோ அவ்வளவு வெலை. கீபோர்டு ஆளுக அம்புக்குறிய டக்டக்னு தட்டிட்டுப் போயிருவாங்க, அவங்ககிட்ட ஒண்ணும் தேறாது. அதனாலதான் ரெண்டு வெளிச்சம். கீபோர்டு வெளிச்சம் தனியா நின்னாத்தான், மவுசு வெளிச்சம் அலையறது தனியாத் தெரியும். நீ ரெண்டையும் ஒண்ணாக் கலக்கி விட்டுட்ட."

மயிலின் கையிலிருந்த டீ ஆடை கட்டியது. "எல்லாப் பொருளுக்குமா?"

"சேலைக்கு வெச்சுத்தான் ஆரம்பிச்சாங்க. சேலைக்கு ஏங்குனா ஏங்கட்டும், போகுது. இப்ப சல்லடைக்கும் அதேதான்." ஜன்னத் பஜ்ஜியைக் கீழே வைத்தாள். "எங்கம்மாவும் மவுசுதான், மயிலு. அவங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் நான்தான் அடிச்சுக் குடுக்கறேன். அம்மாவுக்குச் சொல்றேன், ஊருக்குச் சொல்ல வாய் வரமாட்டேங்குது."

அன்று மாலை, இன்னும் பழைய பலகையே ஓடிக்கொண்டிருந்த தங்கள் வீட்டில், இரண்டு திரையை வைத்துப் பார்த்துவிட்டார்கள். மயில் 'சல்லடை' என்று அடித்தாள், தட்டினாள், விலை வந்தது. சென்னியப்பன் மவுசைப் பிடித்தான். சல்லடைப் படத்தின் மேல் போனான், கீழே இருந்ததைப் பார்த்தான், திரும்ப வந்தான், காலைத் தேய்த்துக்கொண்டான், மறுபடி அதன் மேலேயே போய் நின்றான். அவனுக்கு வந்த விலை அவளுடையதைப் போல ஒன்றரை மடங்கு. இன்னொரு முறை பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஏறியது.

"அட, துணிக்கடைக்காரனே பரவாயில்ல போலிருக்குதே" என்றான் சென்னியப்பன். "அவன் என்ற மூஞ்சியப் பாத்துத்தான் ஏத்துவான்."

"நான் அடிச்சு வாங்கீர்றேன், மாமா. குடுங்க."

"வாங்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன். அடிச்சு வாங்கிக் குடுக்கறதுக்கு வூட்டுல ஒரு மயிலு இல்லாதவன் என்ன பண்ணுவான்?"

அவள் மறுபடி 'சல்லடை' என்று அடித்தாள். ஆனால் அந்தத் திரை இதற்குள் அதே வீட்டில் ஒரு நடுங்குகிற கை இருப்பதைத் தெரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவளுக்கு வந்த விலை இப்போது வரவில்லை. சென்னியப்பனுக்கு வந்ததே அவளுக்கும் வந்தது. அவளுடைய சம்பளத்துக்கு அது எட்டாத விலை.

அன்றைக்குத்தான் அவளுக்குச் சந்தையின் ஞாபகம் வந்தது. அவள் மாமன்மார்கள் மாட்டுக்கு விலை பேசும்போது வாயைத் திறக்க மாட்டார்கள். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் சேர்கிற இடத்தில் ஒரு துண்டைப் போட்டுவிடுவார்கள். உள்ளே விரல்கள் பேசும். சுற்றி நிற்கிற கூட்டத்துக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். எதிரி கை தயங்குகிறதா என்று உன் கைக்குத் தெரியும். உன் கை தயங்குகிறதா என்று அவனுக்கும் தெரியும். அதுதான் அந்த ஏவாரத்தின் மரியாதை. கண்டேன் பலகையில் துண்டும் இல்லை, எதிர்க் கையும் இல்லை. வாங்குகிறவன் கையை மட்டும் மேஜைமேல் பிடித்து வைத்துக்கொண்டு, விற்கிறவன் தன் கையைப் பின்னால் கட்டியிருந்தான்.

மறுநாள் தாமோதரனிடம் நேராகவே கேட்டாள். அவர் மறுக்கவில்லை. அவரிடம் அந்த ஒரு நல்ல குணம் உண்டு. கண்டுபிடித்துவிட்டவர்களிடம் பொய் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டார்.

"மயில், ஏக்கத்த அளக்கறது புதுசா? உங்க குடும்பம் தலைமுறையாப் பண்றதுதானே? எங்க தாத்தா தேங்காய் வாங்க வர்றவன் செருப்பப் பாத்து வெலை சொன்னாரு."

"வாங்க வந்தவரும் உங்க தாத்தா செருப்பப் பாத்திருப்பாருங்க சார்."

தாமோதரன் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்தார். "அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் கூட்டமைப்பு பாக்க வருது. கொங்கு நாட்டு ஆஸ்பத்திரி அத்தனைக்கும் ஒரே தேடுபலகை. அது நமக்கு விழணும். விழுந்தா அன்னிக்கு ஏக்கமானிக்குக் கண்ணு தெரியணும். உங்க ஒத்த வெளிச்சத்துல அது குருடு. எனக்கு ரெண்டு வெளிச்சம் வேணும். அத நீங்கதான் கட்டித் தர முடியும், அடியோட பிரிச்சு வெச்சிருக்கீங்க." குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டேன். அவருக்கு ஆயுசுக்கும் சல்லடை கம்பெனி பொறுப்பு. இன்னிக்கே ஒண்ணு வீட்டுக்கு வந்துரும்."

மயிலின் கை மேஜைக்குக் கீழே இருந்தது. அது நல்லதாகப் போயிற்று.

வீட்டில் சொன்னபோது சென்னியப்பன் வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, பையன்கள் வரைந்த யானைகளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தான்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க."

"எனக்கு ஓசியில வந்தா, அது எவன் கால் வீக்கத்துல இருந்து வரும்?" என்றான். ஒரு யானைக்குத் தும்பிக்கை இரண்டு இருந்தது. அதற்கும் மதிப்பெண் போட்டான். "ஆனா வேண்டாங்கறதுக்கு நான் ஒண்ணும் சாமியார் இல்லீங்க அம்மிணி. எனக்கு வேணும். காசு குடுத்து, என்ற கையால, எல்லாரும் வாங்கற வெலைக்கு வாங்கோணும். அதுக்கு ஒரு வழி பண்ணு."

பேரம் என்றால் இதுதான் பேரம். வீட்டுக்காரனே வாடிக்கைக்காரனாகி விலை சொல்லிவிட்டான்.

அவள் ஜன்னத்திடம் போனாள். "உன்ற இயந்திரம் விலைய எப்படிச் சொல்லுது? பட்டுன்னு சொல்லுதா?"

"எங்க? அதுவும் தேடித்தான் பிடிக்குது. உங்க வீட்டுக்காரர் பட்டியல்ல அலையற மாதிரி, அது விலைக்குள்ள அலையும். மேல போகும், இவ்வளவு சொன்னா ஓடிருவாங்களான்னு பாக்கும், கெடங்குல சரக்கு எவ்வளவு கெடக்குது, தேதி எப்ப முடியுதுன்னு பாக்கும், கீழ வரும், மறுபடி மேல போகும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நூறு தடவ. முடிஞ்சதும் மொகத்தத் தொடச்சுட்டு ஒரு விலையோட வெளிய வரும்."

"அப்ப அதுக்கும் ஒரு கை இருக்குது."

"இருக்குது. யாருக்கும் காட்டறதில்ல."

"எனக்குக் காட்டுவியா?"

ஜன்னத் தன் திரையை அவள் பக்கம் திருப்பினாள். பிறகு, "நான் அடிச்சுக் குடுக்காம எங்கம்மாவே வாங்கட்டும்" என்றாள்.

மயில் தாமோதரன் அறைக்குப் போய் நின்றாள். "சார், ரெண்டு வெளிச்சம் கட்டித் தர்றனுங்க. சல்லடைப் பேச்ச அப்பறமா வெச்சுக்கலாம்."

"அப்பாடா. நல்லது."

"ரெண்டு வெளிச்சம். அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் கேக்கலீங்களே? அப்பறம் சொல்லக் கூடாது."

"வேற என்ன கேக்கப் போறேன்? ரெண்டு வெளிச்சம். முடிஞ்சுது."

"அப்பக் கை குடுங்க சார்." அவர் கொடுத்தார். தரகர் வீட்டுப் பெண் கை கேட்டால் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும் என்று தேங்காய் வியாபாரத்தில் யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

கூட்டமைப்பு வந்த அன்று ஆபீசின் பெரிய அறை நிறைந்துவிட்டது. தலைவர் டாக்டர் எஸ்தர்; கையை வீசிப் பேசுகிற, எதையும் முதலில் சந்தேகப்பட்டுப் பிறகு நம்புகிற அம்மாள். கூடவே அவருடைய மருந்தகப் பொறுப்பாளர், வாயே திறக்காத ஒரு மனிதர். பின்வரிசையில் ஜன்னத்.

"டாக்டர், நீங்க மவுசுங்களா, கீபோர்டுங்களா?" என்று மயில் கேட்டாள்.

"எனக்கு அடிச்சா எழுத்துப் பிழை வரும். மவுசுதான். இவரு கீபோர்டு."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தேடுங்க. சல்லடை."

இரண்டு பேரும் தேடினார்கள். பொறுப்பாளர் நாலு தட்டுத் தட்டினார். டாக்டர் எஸ்தர் மவுசை அலையவிட்டு, வேறு எதையோ பார்த்து, "இது என்ன?" என்று கேட்டு, சொன்ன பதிலைக் கேட்காமல், திரும்ப வந்து நின்றார். இரண்டு திரையிலும் ஒரே வெளிச்சம் அதே வரியில் நின்றது. பக்கத்தில் விலைக்கென்று ஒரு நீளப் பட்டை. அந்தப் பட்டையின் மேல் இரண்டாவது வெளிச்சம் ஒன்று எரிந்தது. கண் தொடர முடிகிற வேகத்தில் மேலே ஓடியது, நின்றது, கீழே வந்தது, யோசித்தது, மறுபடி ஏறிற்று.

"அது என்னம்மா இன்னொரு வெளிச்சம், கட்டுத்தறியில மாடு மாதிரி அசையுது?"

"அது கடைக்காரரோட கைங்க, டாக்டர். நீங்க தேடறது அவருக்குத் தெரியற மாதிரி, அவரு விலையத் தேடறது உங்களுக்குத் தெரியணுமில்லீங்களா?"

தாமோதரன் நாற்காலியில் முன்னால் வந்தார். "மயில்" என்றார், மூடிய பற்களுக்கு நடுவே. "உங்க வீட்டுக்காரர் சல்லடைய மறந்துருங்க."

மயில் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. உள்ளங்கை ஈரமாகியிருந்தது. சேலையில் துடைத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை.

டாக்டர் எஸ்தர் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சும்மா பார்த்தார். அவர் ஒன்றும் பேரம் தெரியாதவர் அல்ல. வாரம் ஒருமுறை மீன்கடைக்குப் போகிறவர். இரண்டாவது வெளிச்சம் ஒரு விலையில் நின்றது. காத்திருந்தது. டாக்டர் அசையவில்லை. வெளிச்சம் ஒரு சிறு துள்ளுத் துள்ளிக் கீழே இறங்கிற்று. அங்கே நின்றது. மறுபடி இறங்கிற்று.

"அட, கடைக்காரருக்குக் கை நடுங்குதே!" என்றார் டாக்டர் எஸ்தர். அறை முழுக்கச் சிரித்தது. வாயே திறக்காத பொறுப்பாளர், "இன்னுங் கொஞ்சம் இருங்க மேடம்" என்றார்.

"எதுக்காம் இத்தனை நடுக்கம்?"

பின்வரிசையிலிருந்து ஜன்னத்தின் குரல் வந்தது. "கெடங்குல சல்லடை மலையாக் கெடக்குதுங்க. தேதி முடியறதுக்குள்ள வித்தாகணும். ஏங்கறது நாம மட்டும் இல்ல டாக்டர். அதுதான் ரொம்ப ஏங்குது."

டாக்டர் எஸ்தர் தாமோதரன் பக்கம் திரும்பினார். "கூட்டமைப்புக்கு இதே பலகைதான் வேணும். ரெண்டு வெளிச்சமும் எழுத்துல இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் ஒப்பந்தம் செல்லாது."

தாமோதரனின் முகத்தில் கோபம் ஒரு பக்கமும் கணக்கு ஒரு பக்கமும் ஓடின. கணக்கு சீக்கிரம் வந்து சேர்ந்தது. கொங்கு நாட்டு ஆஸ்பத்திரி அத்தனையும் ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஏக்கமானி இன்னொரு தட்டில் எவ்வளவு எடை இருந்துவிடும்? அவர் எழுந்து கைகூப்பினார்.

"வாங்கறவங்க கையும் விக்கிறவங்க கையும் ஒண்ணா வெளிச்சத்துல இருக்கணும். இது எங்க கம்பெனி ரொம்ப நாளா நெனச்சுட்டிருந்த கொள்கை, டாக்டர்."

மயில் அந்தக் கொள்கையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். கூட்டம் கலைந்த பிறகு அவர் அவளிடம் வந்தார்.

"நான் ரெண்டு வெளிச்சம்னு சொன்னது இது இல்ல."

"எந்தக் கையோடதுன்னு நீங்க சொல்லலீங்களே சார்."

அவர் அவளை ஒருமுறை தட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தார். உள்ளே தண்ணீர் நிறைய இருந்தது. "இனிமே உங்ககூடக் கை குடுக்கறதா இருந்தா வக்கீல வெச்சுக்கிட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கொஞ்சம் சிரித்தமாதிரி இருந்தது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக் காலை புதுப் பலகை ஊருக்கெல்லாம் திறந்தது. சென்னியப்பன் காலைத் தொங்கவிடாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து மவுசைப் பிடித்தான். மயில் பக்கத்தில் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், கீபோர்டு பக்கம் போய்விடக் கூடாதே என்று.

'சல்ல' என்று அடித்துவிட்டு மூன்றாவது வரிக்குப் போனான். ஒரே வெளிச்சம் அவனோடு வந்தது. "பரவாயில்லையே, மாவுச் சல்லடை வழியில குறுக்க வரல." பட்டையில் இரண்டாவது வெளிச்சம் ஓட ஆரம்பித்தது. மேலே, கீழே, மேலே. பழைய விலையில் பாதிக்கு வந்து நின்றது. நின்று நடுங்கியது.

"மயிலு, பாரு. பாவம்."

"கை வெக்காதீங்க."

"தவிக்குது பாரு. ஒரு பொருள விக்கறதுக்கு இத்தன தவிப்பா? நானும் இப்படித்தான் தவிச்சேன். போதும், வாங்கீர்றேன்."

"மாமா! சித்த இருங்க." அவள் குனிந்து திரையை உற்றுப் பார்த்தாள். வெளிச்சம் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு துடிப்பு, ஒரு இடைவெளி, ஒரு துடிப்பு, ஒரு இடைவெளி. சுவர்க்கடிகாரம் மாதிரி. அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவிற்று. நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது கை இவ்வளவு ஒழுங்காக நடுங்காது. திறந்து ஒரு காலைப்பொழுது ஆகவில்லை. நடுங்கினால் சனங்களுக்கு இரக்கம் வருகிறது, இரக்கம் வந்தால் தட்டிவிடுகிறார்கள் என்று அது அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டது.

"நடிக்குதுங்க" என்றாள்.

"என்னது?"

"நடிக்குது, மாமா. அழுவாச்சி ஏவாரம். 'ஐயோ, எனக்குக் கட்டாதுங்க, பிள்ளகுட்டிக்காரனுங்க'ன்னு மாட்டுக் கயித்தப் புடிச்சுட்டு அழுவாங்க பாருங்க, அது." அவள் குரலில் கோபமே இல்லை. வெகுநாளாகப் பார்க்காத சொந்தக்காரரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டமாதிரி இருந்தது. ஒளிந்திருந்து உளவு பார்க்கிறவனிடம் அவளுக்குப் பேரம் பேசத் தெரியாது. எதிரே உட்கார்ந்து அழுகிறவனிடம் பேசுவது பிறந்த வீட்டு வேலை.

"இப்ப என்ன பண்ணோணும்?"

"மவுச விடுங்க, கை போயிட்டா அதுக்குத் தெரியும். எந்திரிங்க."

"வேணுமே அம்மிணி எனக்கு!"

"வேணும். அதனாலதான் எந்திரிக்கச் சொல்றேன். அந்தச் சட்டையப் போடுங்க. செருப்பு மாட்டுங்க. காலு வலிச்சா என்ற தோளப் புடிச்சுக்குங்க."

சென்னியப்பன் எழுந்தான். வாழ்நாளில் ஒரு கடையிலிருந்தும் அப்படி எழுந்து பழக்கமில்லாதவன். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கப் போனான். மயில் தன் தோள்மேல் இருந்த அவன் கையை இறுக்கினாள். வாசல்வரை மெதுவாக நடந்தார்கள். கதவைத் திறந்து, படியில் ஒரு காலை வைத்தார்கள்.

உள்ளே, திரையிலிருந்து, மணி மாதிரி மெல்லிதாக ஒரு சத்தம் வந்தது. விலை இறங்குகிற சத்தம்.

"மயிலு, கூப்புடுது!"

"காதுல வாங்காதீங்க, மாமா. இன்னொருக்கா கூப்புடட்டும்."